நியூயோர்க் நகரக் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி, 1949–50: வெற்றியும் அதன் விலையும்

விளையாட்டுச் செய்திகளை நாளிதழ்களின் கடைசிப் பக்கத்துக்கு உரியனவாகக் கருதி ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. சமூக வரலாற்றை ஆராய்வோர் தொழிற்சங்கப் பதிவுகளையும் நிலவுடைமை ஏடுகளையும் தேடிச் செல்கின்றனர். ஆட்டக்களத்தின் புள்ளிக் கணக்கை அவர்கள் அவ்வாறு நாடுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் வர்க்க உறவும் இன உறவும் பண உறவும் ஒருங்கே கண்ணிற்படும் இடங்களுள் ஆட்டக்களமும் ஒன்றாகும். இதற்கு எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரக் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணியின் 1949–50ஆம் ஆண்டுப் பருவத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அவ்வணி நாட்டின் இரு பெருங் கல்லூரிச் சுற்றுப்போட்டிகளிலும் ஒரே ஆண்டில் வெற்றி பெற்றது. அதற்கு முன்னர் எவ்வணியும் அதனைச் சாதித்ததில்லை, பின்னரும் சாதித்ததில்லை. ஆனால், ஓராண்டு கழியுமுன்னரே அவ்வணியின் வீரர் பலர் சூதாடிகளிடம் பணம் பெற்ற குற்றச்சாட்டில் ஒருவர் பின் ஒருவராகக் கைதாயினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இரு தனிக் கதைகளாகச் சொல்வதே பெருவழக்கு. முன்னையது வீரகாதை, பின்னையது வீழ்ச்சியின் கதை. சிலர் பின்னதைக் காட்டி முன்னதை அழித்துவிடவும் முற்படுவர். இரண்டும் ஒரே சமூக நிலைமையின் விளைவுகள் என்பதும், ஒன்றை விட்டு மற்றதை விளங்கிக்கொள்ள இயலாது என்பதும் எமது கருத்தாகும்.

முதலிற் கல்லூரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1847இல் டவுன்சென்ட் ஹாரிஸ் என்பவரின் முயற்சியால் ‘இலவச அக்கடமி’ என்ற பெயரில் அது நிறுவப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து, கட்டணம் எதுவுமின்றிக் கற்கவேண்டும் என்பதே நிறுவியோரின் நோக்கமாகவிருந்தது. செல்வர் பிள்ளைகள் பெருந்தொகையாக வரவில்லை என்பது வேறு விடயம். 1920களில் ஹாவாட், கொலம்பியா முதலிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணவரின் தொகையைக் கட்டுப்படுத்த வழி வகுத்தன. அவ்வாறு கதவடைக்கப்பட்டோருக்கும், கதவைத் தட்டுவதற்கே வசதியற்றோருக்கும் நகரக் கல்லூரி புகலிடமாயிற்று. கிழக்கைரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய தையற்றொழிலாளர், சிறு கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கு நிறைந்தனர். இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பூசி கண்ட ஜோனஸ் சோல்க் 1934இல் அங்குதான் பட்டம் பெற்றார். ‘ஏழைகளின் ஹாவாட்’ என்று அக்கல்லூரியைக் குறிப்பிட்டமை வெறும் உபசார வார்த்தையன்று.

கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெமை நோக்கியவாறு மேட்டு நிலத்திலே கல்லூரி அமைந்திருந்தது. ஆயினும், அம்மேட்டின் மீதேறிய கறுப்பின மாணவர் சிலரேயாவர். கல்லூரியின் அரசியற் சூழலும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. முப்பதுகளில் இடதுசாரிச் சிந்தனையின் பாசறைகளுள் ஒன்றாக விளங்கிய அக்கல்லூரியில், 1940–42 காலப்பகுதியில் மாநிலச் சட்டசபைக் குழுவொன்று நடத்திய விசாரணையின் விளைவாக ஐம்பதுக்கு அண்மித்த ஊழியர் வேலையிழந்தனர். 1949 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். யூத எதிர்ப்பாளர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற துறைத்தலைவர் ஒருவரையும், விடுதியிற் கறுப்பின மாணவரை வேறாக்கி வைத்தார் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற அலுவலர் ஒருவரையும் நீக்கவேண்டுமென்பதே அவர்களின் கோரிக்கை. நாம் பேசப்போகும் பருவம் அவ்வேலைநிறுத்தம் நிகழ்ந்து எட்டு மாதங்களுக்குள் ஆரம்பமாயிற்று. அணியின் கதையை எழுதுவோருட் பலர் இதனைக் குறிப்பிடுவதேயில்லை.

கூடைப்பந்தாட்டம் 1891 டிசெம்பரில் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் வகுக்கப்பட்டது. பனிக்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடுவதற்கென அமைந்த அவ்விளையாட்டு, பெருநகரத்தின் நெருக்கடிக்கு வெகுவாகப் பொருந்திற்று. புல்வெளி வேண்டியதில்லை, துடுப்பும் கையுறையும் வேண்டியதில்லை. ஒரு பந்தும் உயரத்தில் ஒரு வளையமும் போதும். குடியேறிகளின் சேரிகளில் இளைஞர் நிலையங்கள் அதனைப் பரப்பின. அக்கல்லூரி அணியை 1919 முதல் பயிற்றுவித்த நற் ஹோல்மன் அத்தகைய சேரியொன்றிற் பிறந்து வளர்ந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் மைந்தர். தொழின்முறை ஆட்டத்திலே தம் காலத்தின் தலைசிறந்த வீரருள் ஒருவர். பந்தைக் கையில் வைத்திருத்தல் ஆகாது. ஓடு, கொடு, மீண்டும் ஓடு என்பதே அவர் கற்பித்த முறை. உடலுயரத்தை நம்பாது விரைவையும் கூட்டிணைவையும் நம்பிய முறை அது. வறிய வட்டாரங்களின் நெருக்கமான களங்களிற் பிறந்த ஆட்ட முறையென்றே அதனைச் சொல்லலாம்.

1949 இலையுதிர் காலத்தில் அவருக்கு வாய்த்த அணி வித்தியாசமானது. ஐந்து முதன்மை வீரருள் நால்வர் இரண்டாம் ஆண்டு மாணவர்: எட் றோமன், எட் வோர்னர், அல் றொத், புளொயிட் லெயின். ஐந்தாமவரான இர்வின் டாம்புரொட் மாத்திரமே இறுதியாண்டு மாணவர். றோமன், றொத், டாம்புரொட் ஆகியோர் யூதர். வோர்னரும் லெயினும் கறுப்பினத்தவர். மாற்று வீரரிலும் நோம் மேகர், ஹேர்ப் கோஹன் என்போருடன் ஜோ கலிபர், லெறோய் வொற்கின்ஸ் என்னும் கறுப்பினத்தவரும் இருந்தனர். யாவரும் நியூயோர்க் நகரப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். தொழின்முறைச் சங்கமான என்.பீ.ஏயில் அன்று கறுப்பினத்தவர் ஒருவரேனும் இல்லை என்பதையும், தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரை அணியிலன்றி வகுப்பிலுங்கூட அனுமதிக்க மறுத்தன என்பதையும் நினைத்துப் பார்க்குமிடத்து இவ்வணியின் சேர்க்கை எத்துணைப் பொருளுடையது என்பது புலனாகும்.

இனி, ஆட்டம் நிகழ்ந்த இடம். கல்லூரிக்குச் சொந்தமான சிறு மண்டபம் ஒன்றிருந்தது. ஆயினும், பெரிய ஆட்டங்கள் மன்ஹற்றனின் எட்டாம் அவெனியூவிலிருந்த மடிசன் ஸ்குயர் கார்டனில் நிகழ்ந்தன. குத்துச்சண்டைக்கும் சேர்க்கஸ் காட்சிக்கும் புகழ்பெற்ற அம்மண்டபத்தில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் பேர் கூடலாம். 1934 டிசெம்பரில் நெட் ஐரிஷ் என்னும் முன்னாள் பத்திரிகையாளர், ஒரே மாலையில் இரு கல்லூரி ஆட்டங்களை அங்கே அடுத்தடுத்து நடத்தி நுழைவுச் சீட்டு விற்கும் முறையைத் தொடக்கினார். மந்த காலத்திலும் மண்டபம் நிறைந்தது. கல்லூரிகளுக்குப் பங்கு கிடைத்தது. மண்டபத்துக்கு இலாபம் கிடைத்தது. பத்திரிகைகளுக்குச் செய்தி கிடைத்தது. ஆடியவர்கள் மாணவர்கள், ஆதலின் அவர்களுக்குக் கூலி இல்லை. இந்தக் கணக்கை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்.

முறைப்படியான பருவத்தில் அவ்வணி பதினேழு ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. நல்ல பேறுதான், எனினும் வியப்பூட்டுவதன்று. நாட்டின் முதலிருபது அணிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டி என வழங்கிய பன்னிரு அணிகளின் போட்டிக்குக் கடைசியாக அழைக்கப்பட்ட அணிகளுள் ஒன்றாகவே அது 1950 மார்ச்சில் களமிறங்கியது. முதலாட்டத்தில், முந்திய ஆண்டு அப்போட்டியில் வென்ற சான் பிரான்சிஸ்கோ அணியை 65–46 என வீழ்த்திற்று. அடுத்து எதிர்கொண்டது கென்ரக்கிப் பல்கலைக்கழகம்.

இவ்வாட்டத்திற் சிறிது தரித்து நிற்றல் தகும். கென்ரக்கி அணி 1948இலும் 1949இலும் தேசியக் கல்லூரிச் சங்கத்தின் கிண்ணத்தை வென்றிருந்தது. பயிற்றுநர் அடோல்ப் றப் நாடறிந்தவர். அணியில் அனைவரும் வெள்ளையர், அவ்வாறிருந்தமை தற்செயலன்று. அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட அணியிற் கறுப்பின வீரர் ஒருவர் ஆடுவதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் எதிரணியினருடன் கைகுலுக்குவது மரபு. நகரக் கல்லூரியின் கறுப்பின வீரர் நீட்டிய கையைக் கென்ரக்கி வீரர் சிலர் பற்றாது முகந்திருப்பினர் என அவ்வணியினர் பிற்காலத்திற் கூறினர். கென்ரக்கியின் நடுவீரர் பில் ஸ்பைவி ஏழடி உயரமானவர். றோமன் அவரினும் குள்ளர். ஆனால் வளையத்துக்குத் தொலைவிலிருந்து பந்தெறிய வல்லவர். அவரைக் காவல்செய்ய ஸ்பைவி வெளியே வந்தபோதெல்லாம் வளையத்தின் அடியில் வெறுமை உண்டாயிற்று. அவ்வெறுமையினுள் வோர்னரும் லெயினும் டாம்புரொட்டும் மாறிமாறிப் பாய்ந்தனர். முடிவு 89–50. றப் பயிற்றுவித்த காலத்திற் கென்ரக்கி அணி அதுவரை கண்டிராத பெருந்தோல்வி அது. மாநிலச் சட்டசபையில் ஒருவர் கொடியை அரைக்கம்பத்திற் பறக்கவிடவேண்டுமென முன்மொழிந்தார் என்றும் செய்தி வெளியாயிற்று. வேடிக்கையாகவே முன்மொழிந்திருக்கலாம். ஆனால், ஏழை யூதரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த அணியொன்றிடம் முப்பத்தொன்பது புள்ளிகளால் தோற்றமை அம்மாநிலத்தில் எவ்வாறு உணரப்பட்டது என்பதற்கு அவ்வேடிக்கையே சான்றாகின்றது.

அரையிறுதியில் டியூக்கேன் அணியை 62–52 என வென்றனர். அவ்வணியிலாடிய சக் கூப்பர் என்பாரே அடுத்த மாதம் என்.பீ.ஏ நடத்திய வீரர் தெரிவிற் பெயர்குறிக்கப்பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். மார்ச் 18இல் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் இல்லினோய் மாநிலத்தின் பிராட்லிப் பல்கலைக்கழகத்தை 69–61 எனத் தோற்கடித்தனர். பிராட்லி அன்று நாட்டின் முதல் நிலை அணி. சுற்றுப்போட்டியின் சிறந்த வீரராக வோர்னர் தெரிவுசெய்யப்பட்டார். தாய் தந்தையரை இளமையிலே இழந்து ஹார்லெமில் வளர்ந்த இளைஞர் அவர்.

இதற்கிடையில் தேசியக் கல்லூரிச் சங்கமும் தனது எட்டு அணிப் போட்டிக்கு நகரக் கல்லூரியை அழைத்தது. மார்ச் 23இல் இரண்டாம் நிலை அணியாகிய ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 56–55 என ஒரேயொரு புள்ளியால் வென்றனர். வட கரோலைனா மாநில அணியை 78–73 என வென்றனர். மேற்குப் பகுதியிலிருந்து மீண்டும் பிராட்லியே இறுதியாட்டத்துக்கு வந்தது. மார்ச் 28 இரவு, அதே கார்டன் மண்டபம். முன்னணியில் நின்ற நகரக் கல்லூரியை ஆட்டத்தின் கடைசி நிமிடத்திற் பிராட்லி நெருங்கி, 69–68 என ஒரு புள்ளி இடைவெளிக்குக் கொண்டுவந்தது. பிராட்லியின் ஜீன் மெல்கியோரி பந்தைக் கைப்பற்றி வளையத்தை நோக்கி விரைந்து எறிய முற்பட்டார். டாம்புரொட் அவ்வெறியைத் தடுத்துப் பந்தைப் பறித்து, மறுமுனைக்கு ஓடிய மேகருக்கு நீளமாக எறிந்தார். மேகர் அதனை வளையத்துள் இட்டார். 71–68. கல்லூரிச் சங்கப் போட்டியின் சிறந்த வீரர் என்ற சிறப்பு டாம்புரொட்டுக்குக் கிடைத்தது. மறுநாட் கல்லூரியில் வகுப்புகள் நடைபெறவில்லை. திரண்டு நின்ற மாணவர் முன்னிலையில் கல்லூரித் தலைவர் ஹரி றைட், இவ்வீரர்கள் படிக்க வந்தவர்களேயன்றிப் பந்தாட வந்தவர்களல்லர் என்றும், பந்தாடுவதற்கென எவருக்கும் உதவிப்பணம் கொடுக்கப்படவில்லை என்றும் பெருமிதத்துடன் எடுத்துரைத்தார்.

அப்பெருமிதத்தில் நியாயமுண்டு. ஆனால், உதவிப்பணமும் பெறாத, கூலியும் பெறாத இளைஞர்களைச் சுற்றி எவ்வளவு பணம் சுழன்றது என்பதையும் அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். மண்டபத்தின் வருவாயைக் கூறினோம். அதனிலும் பெரிது, மண்டபத்தின் படிக்கட்டிலும் தொலைபேசிக் கம்பியிலும் ஓடிய பந்தயப் பணம்.

பந்தயத்தின் முறை நாற்பதுகளில் மாறியிருந்தது. முன்னர் எந்த அணி வெல்லும் என்பதன் மீதே பணம் வைத்தனர். வலிய அணி மெலிய அணியுடன் ஆடும்போது அத்தகைய பந்தயத்திற் சுவாரசியமில்லை. எனவே பந்தயத் தரகர்க்கு வியாபாரமுமில்லை. இதற்குப் பரிகாரமாகத் தோன்றியதே புள்ளி இடைவெளிப் பந்தயம். ஓர் உதாரணம் கொள்வோம். வலிய அணி எட்டுப் புள்ளிகளால் வெல்லும் எனத் தரகர் கணித்து அறிவிக்கிறார். அவ்வணிமீது பணம் வைத்தவர் இலாபம் பெற அது எட்டுக்கு மேற்பட்ட புள்ளிகளால் வெல்லவேண்டும். ஐந்து புள்ளிகளால் வென்றால் ஆட்டத்தில் அவ்வணிக்கே வெற்றி. பந்தயத்திலோ எதிரணிமீது பணம் வைத்தவருக்கே வெற்றி. எந்த ஆட்டமும் இவ்வாறு இருபாலும் சமமான பந்தயப் பொருளாகிவிடுகிறது.

சூதாடி வீரனை அணுகும்போது இம்முறை அவனுக்குப் பெருந்துணையாயிற்று. தோற்றுப்போ என்று அவன் கேட்கவேண்டியதில்லை. வெல், ஆனால் குறைவாக வெல் என்று கேட்டாற் போதும். எளிதாகப் போடக்கூடிய பந்தொன்றைத் தவறவிடுதல், காவலில் அரையடி பிந்துதல், அவ்வளவே. கல்லூரிக்கும் துரோகமில்லை, தோழருக்கும் துரோகமில்லை என்று வீரன் தன்னைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. நடைமுறையில் அந்த அளவுக்கு நுணுக்கமாக எவராலும் ஆட்டத்தை அளந்து ஆடமுடியாது என்பதும் உண்மையே. இவ்வாறு கெடுக்கப்பட்டவை என வழக்கிற் கூறப்பட்ட ஆட்டங்கள் சிலவற்றில் நகரக் கல்லூரி குறைவாக வெல்லவில்லை, தோற்றே போயிற்று.

வீரர்களும் சூதாடிகளும் சந்தித்த இடங்களுள் நியூயோர்க்குக்கு வடக்கே கற்ஸ்கில் மலையிலிருந்த கோடைவிடுதிகள் முக்கியமானவை. கல்லூரி வீரர் அங்கே பகலிற் பரிசாரகராகவும் பெட்டி தூக்குவோராகவும் வேலைசெய்து, இரவில் விருந்தினருக்காகப் பந்தாடினர். விருந்தினர் தமக்குள் பந்தயம் கட்டினர். வேலைக்காரனாகவும் வேடிக்கைப் பொருளாகவும் ஒரே நாளில் இருக்க நேர்ந்த இளைஞனுக்கு, தன் ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை எவரும் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1951 ஜனவரியில் மன்ஹற்றன் கல்லூரியின் ஜூனியஸ் கெலொக் என்னும் வீரர், தமக்கு ஆயிரம் டொலர் தருவதாகச் சிலர் கூறியதைப் பயிற்றுநரிடம் வெளிப்படுத்தினார். அக்கல்லூரி அணியின் முதற் கறுப்பின வீரர் அவர். ஆயிரம் டொலரைத் துச்சமென எண்ணத்தக்க வசதியுடையவருமல்லர். மாவட்ட வழக்குத்தொடுநர் பிராங் ஹோகனின் விசாரணை அதிலிருந்தே பரந்தது. பெப்ரவரி 18இல், பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை வென்று ரயிலில் திரும்பிய நகரக் கல்லூரி வீரருள் றோமன், வோர்னர், றொத் மூவரும் கைதாயினர். அவர்களுக்குப் பணம் கொடுத்தவர் சல்வற்றோர் சொலாசோ என்னும் நகை வியாபாரி. இடைநின்றவர் லோங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் எடி கார்ட். முந்திய பருவத்து ஆட்டங்களின் பின்னால் வேறொரு சூதாடி இருந்தமையும் வெளிவந்தது.

மாணவர் செய்வதறியாது நின்றனர். கல்லூரியிற் கூட்டமொன்று கூடியது. குற்றம் சாராது எஞ்சி நின்றவர் என நம்பி லெயினைத் தோளிற் சுமந்தனர். சில நாட்களின் பின் லெயினும் கைதானார். அவர் பெற்ற மூவாயிரம் டொலரில் 2,890 டொலர் அவருடைய வீட்டுப் பூச்சாடி ஒன்றினுள் இருந்து எடுக்கப்பட்டது. செலவழிந்தது நூற்றுப்பத்து டொலர். பணம் பெற்றதன் காரணத்தைக் குறித்து எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. செலவிடவும் துணிவில்லாது, திருப்பிக் கொடுக்கவும் வழியறியாது மண்ணுட் புதைத்து வைத்த அத்தொகையளவுக்கு எமக்கு விளக்கம் தந்தது வேறில்லை. மார்ச்சில் டாம்புரொட், மேகர், கோஹன் ஆகியோரும் கைதாயினர். அதே மார்ச்சில், அதே நகரில், அக்கல்லூரியில் 1939இற் பட்டம் பெற்ற ஜூலியஸ் றோசன்பேர்க்கின் வழக்கும் நடந்துகொண்டிருந்தது. ‘சிவப்புக் கல்லூரி’யின் மீது முன்னரே பகைமை பாராட்டியோருக்கு இரண்டும் ஒரே பாடமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த திரினிடாட் நாட்டு மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ், இந்நிகழ்ச்சி தம்மைப் பாதித்தவாற்றை 1963இல் வெளிவந்த ‘பியோண்ட் எ பவுண்டரி’ என்னும் நூலிற் கூறியுள்ளார். வீரர்கள் ஆட்டத்தை விற்றதைக் கேட்டு அவர் அதிர்ந்தார். அவருடைய இளம் அமெரிக்கத் தோழர்களோ அவர் அதிர்ந்ததைக் கண்டு வியந்தனர். கல்லூரிக்கு ஏன் விசுவாசமாக இருத்தல் வேண்டும் என்பதே அவர்களின் வினா. குடியேற்ற நாட்டு ஆங்கிலக் கல்லூரியொன்றிற் கிரிக்கெற் கற்ற தமக்குள் எத்துணை ஆழமாக ஓர் ஆட்ட அறம் பதிந்திருந்தது என்பதை ஜேம்ஸ் அப்போதுதான் உணர்ந்தார். நமது நாட்டின் பழைய கல்லூரிகளில் ஆடியோர்க்கும் அவ்வறம் புதிதன்று. ஆட்டத்தை ஆட்டமாகவே ஆடவேண்டும், நடுவரின் தீர்ப்பை மறுத்துரைத்தல் கூடாது என்பனவெல்லாம் அதன் விதிகள்.

ஜேம்ஸின் நேர்மை போற்றற்குரியது. எனினும், அவருடைய அதிர்ச்சியும் தோழர்களின் அலட்சியமும் ஒருங்கே ஒன்றைக் காணத் தவறுகின்றன என்றே நாம் கருதுகிறோம். அந்த ஆட்ட அறம் ஓய்வும் வசதியும் உடைய வர்க்கமொன்று தனக்கென வகுத்தது. நுழைவுச் சீட்டு விற்காத மைதானத்தில் அது இயல்பாக வாழும். ஆட்டத்தைப் பண்டமாக விற்றுவிட்டு, ஆடுவோரிடம் மாத்திரம் அப்பழைய அறத்தை எதிர்பார்ப்பது முரண்பாடாகும். மறுபுறத்தில், அவ்விளைஞருக்கு விசுவாசம் எதுவுமே இருந்ததில்லை என்பதும் உண்மையன்று. 1950 மார்ச்சில் ஆடப்பெற்ற ஏழு ஆட்டங்களில் எதனையும் குறித்துக் குற்றச்சாட்டு எழவில்லை. வேறு ஆட்டங்களிற் பந்தைத் தவறவிட்ட அதே கைகள் கென்ரக்கிக்கு எதிராகத் தவறவிடவில்லை. அவர்கள் தமக்குள்ளே ஒரு கோடு கிழித்திருந்தனர். அக்கோடு போதுமானதன்று, பிழையான இடத்திற் கிழிக்கப்பட்டதுங்கூட. களத்தில் உண்மையாக ஓடிய தோழரையும் கூவி ஆர்ப்பரித்த மாணவரையும் அவர்கள் ஏமாற்றினர் என்பதை மறைத்து எழுதுவதில் எமக்கு உடன்பாடில்லை. கலிபர் போன்றோர் எதனையும் தொடாது ஆடினர் என்பதும், கெலொக் மறுத்தார் என்பதும் வறுமை ஒன்றே முழு விளக்கமாகாது என்பதற்குச் சான்றுகளாகும். கோடு இருந்தது என்பதையும் அத்துடன் சேர்த்தே எழுதவேண்டும்.

தண்டனை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது தனியே நோக்கற்குரியது. 1951 நவம்பரில் நீதிபதி சோல் ஸ்ட்ரைட் தீர்ப்பளித்தார். சொலாசோவுக்கு எட்டு முதல் பதினாறு ஆண்டுவரை சிறை. வீரருட் பெரும்பாலாருக்குத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. றொத் இராணுவத்திற் சேர உடன்பட்டுச் சிறையிலிருந்து தப்பினார். இந்த அணியினருள் உண்மையிற் சிறை சென்றவர் வோர்னர். அவருக்கு ஆறு மாதம். லோங் ஐலண்ட் அணியின் ஷேர்மன் வைற்றுக்கு ஓராண்டு. இருவரும் கறுப்பினத்தவர். நீதிபதி காட்டிய காரணங்கள் தனித்தனியே எவையாயினும், இருவர் பெயரும் அருகருகே வந்து நிற்பதை வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது. அதே தீர்ப்பில் ஸ்ட்ரைட் கல்லூரி விளையாட்டின் வணிகமயத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். சில வீரரின் பள்ளிப் புள்ளிகள் அனுமதிக்காகத் திருத்தப்பட்டிருந்தன என்ற செய்தியும் அப்போதுதான் பகிரங்கமாயிற்று. கல்லூரித் தலைவரின் பெருமித உரை அதன்பின் வேறுவிதமாக ஒலித்தது.

இது நியூயோர்க்கின் நோய் என்றும், குடியேறிகளின் நகரத்துக்கே உரிய சீரழிவு என்றும் சொன்னோர் பலர். தம் வீரரைச் சூதாடிகள் நெருங்கவும் இயலாது என்று கென்ரக்கியின் றப் உறுதி கூறினார். 1951 ஒக்டோபரில் அவருடைய முன்னாள் வீரர் அலெக்ஸ் குரோசா, றால்ப் பியேட், டேல் பார்ன்ஸ்டபிள் ஆகியோர் கைதாயினர். 1948இன் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் குரோசாவும் பியேட்டும். பிராட்லியின் மெல்கியோரியும் அகப்பட்டார். இரு இறுதியாட்டங்களிலும் எதிரெதிரே ஆடிய இரு அணிகளிலும் பணம் பெற்றோர் இருந்தனர் என்பதே இதன் பொருள். ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட வீரரும், 1947 முதல் 1950 வரையான எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களும் விசாரணையில் வெளிவந்தன. கென்ரக்கி 1952–53 பருவம் முழுவதும் ஆடவில்லை. ஆனால் றப் 1972 வரை பயிற்றுநராக நீடித்தார். ஹோல்மன் 1952இல் இடைநிறுத்தப்பட்டு 1954இல் மீளச் சேர்க்கப்பட்டார். மண்டபம் தொடர்ந்து சீட்டு விற்றது. என்.பீ.ஏயின் கதவு மாத்திரம் அவ்வீரருக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. வோர்னரும் லெயினும் கற்றுத் தேர்ந்த ஆட்டத்துக்கு என்.பீ.ஏ தன் கதவைத் திறந்த அதே காலத்தில் அது நிகழ்ந்தது.

அக்கல்லூரி மடிசன் ஸ்குயர் கார்டனுக்குத் திரும்பவில்லை. தன் சிறு மண்டபத்தோடு அமைந்தது. டாம்புரொட் பல்வைத்தியரானார். றோமன் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று நகரப் பள்ளிகளிற் பணிபுரிந்தார். கலிபர் மாநில செனற்றராகி 1995இல் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். வோர்னரின் வாழ்வு சிறையோடு கலைந்தது; போதைப்பொருள் வழக்கும் பின்னர் ஒரு வாகன விபத்தும் அதனைத் தொடர்ந்தன. லெயின் நீண்ட காலம் புரொங்ஸ் வட்டாரச் சிறுவருக்குப் பந்தாட்டம் கற்பித்தார்; பின்னாளில் என்.பீ.ஏயிற் புகழீட்டிய நேற் ஆர்ச்சிபால்ட் அவரிடம் கற்றவர்களுள் ஒருவர். 1974இல் நகரக் கல்லூரி தன் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பயிற்றுநராக லெயினை நியமித்தது. அவர் மீண்ட காலத்தில், 1970 முதற்கொண்டு விரிவாக்கப்பட்ட அனுமதிக் கொள்கையின் பயனாக, ஹார்லெமின் பிள்ளைகள் பெருந்தொகையாக அம்மேட்டின் மீதேறத் தொடங்கியிருந்தனர். 1976இல், நகரத்தின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி, 129 ஆண்டுகளாக நிலவிய இலவசக் கல்வி நிறுத்தப்பட்டு அங்குக் கட்டணம் அறவிடப்படலாயிற்று.